கண்ணைப் பழக்க முடியுமா? பார்வைப் பயிற்சிச் சிகிச்சையும் மதுரைச் சமவெளியும்

பார்வை மங்கினால் கண்ணாடி, புரை விழுந்தால் அறுவை, புண் வந்தால் சொட்டு மருந்து. கண் சிகிச்சை என்றால் இந்த மூன்றையும்தான் நாம் அறிவோம். அண்மைக் காலமாக நான்காவதாக ஒன்று பேசப்படுகிறது. கண்ணில் நோய் இல்லை, விழித்திரை நலமாக இருக்கிறது, சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை பிள்ளை படித்துவிடுகிறது. ஆனால் புத்தகத்தைக் கையில் எடுத்துக் கால் மணி நேரம் ஆனால் தலைவலி, கண் எரிச்சல். எழுத்து இரண்டாகத் தெரிகிறது, வரி தாவுகிறது என்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், வாரக்கணக்கில் முறையாகப் பயிற்சி கொடுத்தால் கண்கள் சரியாகும் என்பது பார்வைப் பயிற்சிச் சிகிச்சையின் வாதம். கண் பரிசோதனை வல்லுநர்களான ஆப்டோமெட்ரிஸ்ட்கள் இதை விஷன் தெரபி என்பார்கள்.

கண்ணைப் பயிற்சியால் திருத்த முடியுமா என்ற கேள்வி ஒன்றரை நூற்றாண்டுப் பழையது. 'முடியும்' என்றவர்களும் 'முடியாது' என்றவர்களும் பெரும்பாலும் வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நெருக்கப் பார்வையில் கண்கள் குவியாமை, சோம்பேறிக் கண், படிப்பில் பின்தங்குதல், கிட்டப்பார்வை ஆகிய நான்குக்கும் ஒரே பெயரில் பயிற்சி சொல்லப்படுகிறது. ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றதற்குக் கடன் வாங்குவதும், ஒன்றின் தோல்வியைக் காட்டி எல்லாவற்றையும் தள்ளுவதும் இந்த விவாதத்தில் தொடர்ந்து நடந்துவந்திருக்கின்றன. எனவே நான்கையும் தனித்தனியே எடை போட வேண்டும். அதன் பிறகுதான், மதுரை போன்ற ஒரு வட்டாரத்தில் இச்சிகிச்சைக்கு என்ன இடம் என்று கேட்க முடியும்.

மூன்று ஊற்றுகள்

முதல் மரபு மருத்துவமனைக்குள் பிறந்தது. பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ஜாவாலின் குடும்பத்திலேயே மாறுகண் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவர், ஸ்டீரியோஸ்கோப் என்னும் இரட்டைப்படக் கருவியைக் கொண்டு இரு கண்களையும் சேர்ந்து வேலை செய்யப் பழக்க முயன்றார். அக்காலத்து மாறுகண் அறுவைகள் பல மோசமாக முடிந்ததும் அவரை இந்த வழிக்குத் தள்ளியது. மாறுகண் பற்றிய அவருடைய நூல் 1896இல் வந்தது. இங்கிலாந்தில் மேரி மேடாக்ஸ் 1920களில் இதைத் தனித் தொழிலாகவே வளர்த்தார். இவ்வாறு உருவான ஆர்த்தாப்டிக்ஸ் துறையின் அடையாளமான சினாப்டோஃபோர் கருவியை நம் பெரிய கண் மருத்துவமனைகளில் இன்றும் காணலாம். இம்மரபின் பலம் அதன் அடக்கம்: இரு கண்களின் ஒத்துழைப்பை அளந்து திருத்துவதோடு அது நின்றுகொண்டது. அது கேட்கும் காலம் அதன் பலவீனம். அறுவை முறைகள் தேறியதும், மாதக்கணக்கில் பயிற்சி பெறுவதற்கான ஆர்வம் குறைந்தது.

இரண்டாவது மரபு அமெரிக்க ஆப்டோமெட்ரிஸ்ட்களுடையது. ஏ.எம். ஸ்கெஃபிங்டன் 1928இல் சகாக்களுடன் ஒரு பயிற்சி அமைப்பைத் தொடங்கினார். எழுத்துப் பலகையில் எத்தனை வரி தெரிகிறது என்பது பார்வையின் ஒரு கூறுதான் என்பது அவர் கருத்து. பார்த்ததை உணர்ந்து, உடலசைவோடு இணைத்து, பொருள் கொள்வதுவரை எல்லாமே கற்றுக்கொள்ளப்படும் திறன். கற்றதில் பிழை இருந்தால் பயிற்சியால் திருத்தலாம் என்றார். 'எல்லாம் நார்மல்' என்று திருப்பி அனுப்பப்பட்ட நோயாளியின் முறையீட்டைக் காதுகொடுத்துக் கேட்டது இம்மரபின் கொடை. ஆனால் அதன் உரிமைகோரல்கள் சோதனைகளைவிட வேகமாக வளர்ந்தன. கற்றல் குறைபாடு, கவனச் சிதறல், விளையாட்டுத் திறன் என எல்லாம் அதற்குள் வந்தன. பிரிட்டிஷ் ஆய்வாளர் பிரெண்டன் பாரெட் 2009இல் இத்துறையின் சான்றுகளை வரிசையாகப் பரிசீலித்தபோது, சில குறுகிய பகுதிகள் தவிர மற்றவற்றுக்குக் கட்டுப்பாட்டுடன் நடத்திய சோதனைகள் போதாது என்ற முடிவுக்கே வந்தார்.

மூன்றாவது, மருத்துவத்துக்கு வெளியே செழித்த மரபு. நியூயார்க் மருத்துவர் வில்லியம் பேட்ஸ் 1920இல் வெளியிட்ட நூலில், கண்ணாடி தேவைப்படுவதற்கே கண்ணைச் சுற்றியுள்ள தசைகளின் இறுக்கம்தான் காரணம் என்றும், கண்ணைத் தளர்த்தப் பழகினால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்றும் சொன்னார். அருகிலுள்ளதைப் பார்க்கக் கண்ணின் உள்ளே இருக்கும் லென்ஸ்தான் வடிவம் மாறுகிறது என்பது அதற்கு முன்பே 19ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டுவிட்டது. பேட்ஸின் அடிப்படை அதனுடன் பொருந்தவில்லை. ஆயினும் அவருடைய முறை உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டுக்கு அது வந்த வழி புதுச்சேரி. டெல்லியில் கண் மருத்துவராக இருந்த ஆர்.எஸ். அகர்வால், ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் சேர்ந்து, பேட்ஸ் முறையை யோகத்துடன் இணைத்து அங்கே ஒரு கண் பயிற்சிப் பள்ளியை நடத்தினார்.

அதே அரவிந்தரைக் குருவாகக் கொண்ட இன்னொரு கண் மருத்துவர், டாக்டர் ஜி. வெங்கடசாமி, மதுரை மருத்துவக் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. ஒரே ஆன்மிக ஊற்றிலிருந்து ஒருவர் கண்ணாடியைக் கழற்றச் சொல்லும் பயிற்சிக்கும், மற்றவர் கண்ணாடியையும் கண்புரை அறுவையையும் ஏழை வீட்டு வாசல்வரை கொண்டுசெல்லும் ஏற்பாட்டுக்கும் போனார்கள். தென் தமிழகத்தின் கண் நலத்தை மாற்றியது இரண்டாவது வழி. ஆனால் பொதுமக்கள் மனத்தில் 'கண் பயிற்சி' என்றவுடன் தோன்றும் படம் இன்றும் முதலாவதுதான். இன்றைய விஷன் தெரபி குறித்த எதிர்பார்ப்பிலும் அவநம்பிக்கையிலும் பாதி இந்தக் கலப்பிலிருந்து வருகிறது.

எவ்வளவு பேருக்கு இக்கோளாறு?

சிகிச்சையைப் பற்றிப் பேசும் முன் நோயின் அளவைப் பார்க்க வேண்டும். இங்கேயே இரு வேறு படங்கள் கிடைக்கின்றன.

மதுரைக்குத் தெற்கே விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டி வட்டாரத்தில், 15 வயதுக்கு உட்பட்ட 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை அரவிந்த் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். அதன் முடிவுகள் 2003இல் வெளிவந்தன. குழந்தைப் பார்வையிழப்புக்கான காரணங்களைத் தேடிய கணக்கெடுப்பு அது. அதில் மாறுகண் இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஜமீல் ரிஸ்வானா உசைன்தீனும் சகாக்களும் தமிழ்நாட்டின் நகர்ப்புற, ஊரகப் பள்ளிகளில் 7 முதல் 17 வயதுவரை உள்ள 920 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. மாறுகண் இல்லாத, ஆனால் இரு கண்களின் ஒத்துழைப்பிலோ, தூரத்துக்கும் அருகுக்கும் தெளிவை மாற்றிக்கொள்ளும் குவிய மாற்றத்திலோ குறை உள்ள பிள்ளைகளை அது தேடியது. நகரத்தில் 31.5 சதவீதம், ஊரகத்தில் 29.6 சதவீதம் என்று கண்டது. அவற்றுள் முதலிடம் நெருக்கப் பார்வையில் கண்கள் குவியாத குவிதல் குறைபாட்டுக்கு, நகரத்தில் 16.5, ஊரகத்தில் 17.6 சதவீதம். வயது கூடக் கூட இவ்விகிதம் உயர்ந்தது.

நூற்றுக்கு ஒன்று எங்கே, மூன்றில் ஒன்று எங்கே? இரண்டும் பொய்யல்ல; வெவ்வேறு பொருளை எண்ணியவை. முதலாவது கண்ணில் தெரியும் கோணலையும் பார்வை இழப்பையும் எண்ணியது. இரண்டாவது, ஒரு பொருளை மூக்கருகே கொண்டுவரும்போது எங்கே கண்கள் விலகுகின்றன, லென்ஸை மாற்றி மாற்றிப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை எழுத்தைத் தெளிவாக்க முடிகிறது என்றெல்லாம் அளந்தது. அளவுகோலின் எல்லைக் கோட்டைச் சற்று நகர்த்தினாலும் எண்ணிக்கை பெரிதாக மாறும். மூன்றில் ஒரு பிள்ளைக்கு இருக்கும் ஒன்றை நோய் என்பதா, மனிதத் திறனில் இயல்பாக உள்ள ஏற்றத்தாழ்வு என்பதா என்ற கேள்வியும் எழுகிறது. அதற்கு அளவுகள் மட்டும் விடை தரா. தொல்லை இருக்கிறதா, அது அன்றாட வாழ்வைக் கெடுக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

மறுபுறம், பள்ளிக் கண் பரிசோதனைகள் இக்குறையைப் பார்ப்பதே இல்லை என்ற வாதத்தையும் தள்ள முடியாது. தமிழக அரசு 2009இல் தொடங்கிய 'கண்ணொளி காப்போம்' திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொண்டுசேர்த்தது. 2013 முதல் தேசியச் சிறார் நலத் திட்டமும் பார்வைக் குறையைத் தேடுகிறது. இத்தகைய பரிசோதனையின் மையம் தூரப்பார்வைப் பலகை. குவிதல் குறைபாடுள்ள பிள்ளை அதில் முழு மதிப்பெண் வாங்கிவிடும்.

குவிதல் குறைபாடு: சான்று வலுத்த இடம்

அருகிலுள்ள எழுத்தைப் பார்க்க இரு கண்களும் மூக்கின் பக்கம் திரும்பிக் குவிய வேண்டும். அது தளர்ந்தால் படிப்பில் களைப்பு வருகிறது. இதற்கு மிகப் பழைய வைத்தியம், பென்சிலை மூக்கை நோக்கிக் கொண்டுவந்து இரண்டாகத் தெரியும்வரை பார்ப்பது. இந்தியக் கண் மருத்துவர்களிடம் எடுத்து 2008இல் வெளியான கருத்தறிதலிலும் பெரும்பாலோர் முதலில் எழுதிக்கொடுப்பது இதைத்தான் என்று தெரிந்தது. செலவில்லை, கருவியில்லை, வீட்டிலேயே செய்யலாம்.

அதே 2008இல் அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனையின் முடிவு வந்தது. குவிதல் குறைபாடும் தொல்லைகளும் உள்ள 9 முதல் 17 வயதுவரையிலான 221 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழு 12 வாரம், வாரம் ஒரு மணி நேரம் பயிற்சியாளரிடம் வந்து பயிற்சி பெற்று, வீட்டிலும் செய்தது. இரண்டாவது குழு வீட்டில் கணினிப் பயிற்சியும் பென்சில் பயிற்சியும் செய்தது. மூன்றாவது வீட்டில் பென்சில் மட்டும். நான்காவது குழு கிளினிக்குக்கு வந்து, பார்ப்பதற்கு உண்மையானது போலவே இருக்கும் போலிப் பயிற்சி பெற்றது. முதல் குழுவில் 73 சதவீதத்தினர் குணமடைந்தனர் அல்லது தேறினர். மற்ற மூன்றில் முறையே 33, 43, 35 சதவீதம். பென்சில் பயிற்சியும் கணினிப் பயிற்சியும் போலிப் பயிற்சியைத் தெளிவாக மிஞ்சவில்லை. பட்டகம் வைத்த படிப்புக் கண்ணாடிகளும் போலிக் கண்ணாடியைவிடச் சிறக்கவில்லை என்று 2005இலேயே வேறொரு சோதனை காட்டியிருந்தது. பின்னர் வந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுகளும், பிள்ளைகளைப் பொறுத்தவரை கிளினிக்கில் தரும் பயிற்சியே மேலானது என்றன.

பார்வைப் பயிற்சியின் முழு வரலாற்றிலும் இதுவே உறுதியான தரை. ஆயினும் அதன்மேல் மூன்று வினாக்கள் உண்டு. ஒன்று: முதல் குழுவுக்குக் கிளினிக் நேரமும் வீட்டு நேரமும் சேர்ந்து கிடைத்ததால், வீட்டுக் குழுக்களைவிடப் பயிற்சியின் மொத்த அளவே அதிகம். வெற்றி முறையினாலா, அளவினாலா, கண்காணிப்பினாலா என்று பிரிப்பது கடினம். இரண்டு: தொல்லைகளை அளந்த 15 கேள்விப் பட்டியல், வேறு காரணங்களால் சோர்ந்த பிள்ளைகளிடமும் உயர்ந்த மதிப்பெண் காட்டக்கூடியது. மூன்று: பிரிட்டனின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் அன்னா ஹார்வுட் குழுவினர் குறைபாடில்லாத இளைஞர்களிடம் செய்த ஆய்வில், 'இன்னும் முயன்று பார்' என்ற ஊக்கமே அளவீடுகளைக் கணிசமாக உயர்த்தியது. முன்னேற்றத்தில் ஒரு பங்கு தசைக்கோ மூளைக்கோ கிடைத்த பயிற்சியாலும், ஒரு பங்கு முயற்சியாலும் வருகிறது என்று கொள்வதே பொருத்தம். போலிப் பயிற்சியிலேயே மூன்றில் ஒருவர் தேறியிருப்பதும் இதையே உணர்த்துகிறது.

சோம்பேறிக் கண்: பயிற்சியா, மூடலா?

சிறு வயதில் ஒரு கண்ணிலிருந்து வரும் படத்தை மூளை புறக்கணித்துவிட்டால், கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணுக்குப் பார்வை முழுதாக வராது. மாறுகண்ணும் இரு கண்களுக்கிடையே பெரிய பவர் வேறுபாடும் இதன் முக்கியக் காரணங்கள். மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் முற்றாக மறையவில்லை. அது இக்குழந்தைகளின் பார்வையைப் பறித்துவிடக்கூடும்.

இதற்குரிய முதல் சிகிச்சை சரியான கண்ணாடி. அடுத்தது நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடுவது. ஏழு வயதுக்கு மேல் பயனில்லை என்ற பழைய கருத்தை 2005இல் வெளியான பெரிய சோதனை தளர்த்தியது. 7 முதல் 12 வயதுள்ளோரில், கண்ணாடி மட்டும் அணிந்தவர்களில் 25 சதவீதம் தேறினர். மூடலையும் அட்ரோபின் சொட்டு மருந்தையும் அருகிலிருந்து பார்க்கும் வேலையையும் சேர்த்துச் சிகிச்சை பெற்றவர்களில் 53 சதவீதம் தேறினர்.

பயிற்சியாளர்களின் வாதம் இங்கே வேறு: ஒரு கண்ணை மூடுவதற்குப் பதில் இரு கண்களையும் சேர்த்துப் பழக்குவதே இயற்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்துறைக்கு ஒரு எச்சரிக்கை வரலாறு உண்டு. 1978இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், சுழலும் வரிப்படங்களைச் சில நிமிடங்கள் பார்த்தாலே சோம்பேறிக் கண் தேறும் என்ற கருவியை அறிவித்தபோது பெரும் வரவேற்பு கிடைத்தது. கட்டுப்பாட்டுச் சோதனைகளில் அந்தக் கருவியின் தனிப் பயன் கரைந்துபோனது. அண்மையில் இரு கண்ணுக்கும் வெவ்வேறு படம் காட்டும் டேப்லெட் விளையாட்டு, 2016இல் வந்த பெரிய சோதனையில் மூடலுக்கு நிகர் என்று நிறுவப்படவில்லை. பல பிள்ளைகள் சொன்ன அளவு விளையாடவே இல்லை. மெய்நிகர்க் கருவி வழியாகப் படம் பார்க்கச் செய்யும் ஒரு முறைக்கு 2021இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. ஆனால் அது ஒப்பிடப்பட்டது கண்ணாடி மட்டும் அணிந்தவர்களோடு. மூடலுக்கு மாற்று என்று அதைச் சொல்ல இன்னும் சான்று வேண்டும்.

படிப்பும் கண்ணும்

பெற்றோரை மிகவும் ஈர்ப்பதும் மிகுந்த சர்ச்சைக்குள்ளானதும் இந்தப் பகுதிதான். எழுத்து தடுமாறும் பிள்ளைக்குக் கண் பயிற்சி கொடுத்தால் படிப்பு வருமா?

கண் மருத்துவர் அமைப்புகளும் குழந்தை மருத்துவர் அமைப்பும் அமெரிக்காவில் 2009இல் சேர்ந்து வெளியிட்ட நிலைப்பாடு, வராது என்பதே. டிஸ்லெக்ஸியா பெரும்பாலும் மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு பொருத்துவதிலுள்ள குறை; அதைக் கண்ணில் தேடுவது பணத்தையும் காலத்தையும் வீணாக்கும், உரிய சிறப்புக் கல்வியைத் தாமதப்படுத்தும் என்றது அது. ஆப்டோமெட்ரி அமைப்புகளின் மறுமொழி நுணுக்கமானது: நாங்கள் டிஸ்லெக்ஸியாவைக் குணமாக்குவதாகச் சொல்லவில்லை; படிக்க விடாமல் தடுக்கும் கண் தொல்லையை நீக்குகிறோம், அதன் பிறகு கற்பித்தல் எளிதாகும்.

இந்த மறுமொழியை நேரடியாகச் சோதித்தார்கள். முன்பு சொன்ன 2008 சோதனையை நடத்திய குழுவே, குவிதல் குறைபாடுள்ள 9 முதல் 14 வயதுவரையிலான 311 பிள்ளைகளுக்கு 16 வாரம் பயிற்சி அளித்து, வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனை அளந்தது. 2019இல் வந்த முடிவு: உண்மைப் பயிற்சி பெற்றவர்களும் போலிப் பயிற்சி பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறினர். பயிற்சியை ஆதரிப்பவர்களே நடத்தி, தங்கள் எதிர்பார்ப்புக்கு மாறான முடிவை மறைக்காமல் வெளியிட்டதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

நம் சூழலுக்கு ஒரு குறிப்பைச் சேர்க்கலாம். கற்றல் குறைபாட்டோடு கண் ஒத்துழைப்புக் குறையும் உள்ள பிள்ளைகளிடம் சென்னையில் ஆய்வு நடந்திருக்கிறது. பயிற்சிக்குப் பின் கண் அளவீடுகள் தேறின. கண் தேறியது என்பதிலிருந்து படிப்பு தேறும் என்பதற்குத் தாவ அது போதாது. தமிழ் எழுத்தமைப்பையும் கவனிக்க வேண்டும். ன, ண, ந; ல, ள, ழ; ர, ற ஆகியவற்றை மாற்றி எழுதும் பிள்ளை பெரும்பாலும் ஒலிக்கும் எழுத்துக்குமான பொருத்தத்தில் இடறுகிறது. 'கொ' என்ற எழுத்தில் குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. அதைச் சேர்த்துப் படிப்பதும் கற்பித்தலால் வரும் பழக்கமே. கண் விலகி வரி தாவுவதும் உயிர்மெய்க் குறி குழம்புவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தோன்றலாம். ஆசிரியரும் ஆப்டோமெட்ரிஸ்டும் பேசிக்கொள்ளாமல் இதைப் பிரித்தறிவது எளிதல்ல. மேலைச் சோதனைகளெல்லாம் ஆங்கில வாசிப்பை அளந்தவை என்பதால், தமிழ் வாசிப்பை அளக்கும் சோதனைக்கு இடம் இருக்கவே செய்கிறது. ஆனால் விளைவு தலைகீழாக வரும் என்று நம்பக் காரணம் ஏதும் தெரியவில்லை.

கண்ணாடியைக் கழற்றும் ஆசை

கிட்டப்பார்வையில் விழிக்கோளமே நீண்டுவிடுகிறது. உள்ளங்கையால் கண்ணை மூடி ஓய்வு கொடுப்பதோ, கண்ணை இடவலமாகச் சுழற்றுவதோ நீண்ட கோளத்தைச் சுருக்காது. சீனப் பள்ளிகள் 1960களிலிருந்து நாள்தோறும் கண் பயிற்சி செய்வித்தும் அந்நாட்டில் கிட்டப்பார்வை பெருகியே வந்திருக்கிறது. சில சமயம் பயிற்சிக்குப் பின் பலகையில் ஓரிரு வரி கூடுதலாகப் படிக்க முடிவது, மங்கலான படத்தை மூளை ஊகிக்கப் பழகியதால்; கண்ணின் பவர் மாறியதால் அல்ல. பேட்ஸ் வழியில் சூரியனை நேரே பார்ப்பது விழித்திரையைச் சுட்டுவிடும். வெள்ளெழுத்தும் அப்படியே: வயதில் லென்ஸ் இறுகுவதைப் பயிற்சி தடுப்பதில்லை.

கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போட வெளிச்சத்தில் வெளியே விளையாடும் நேரமும், வந்தபின் ஏறுவதைக் குறைக்கக் குறைந்த அடர்த்தி அட்ரோபின் சொட்டும் சிறப்பு லென்ஸ்களும் இன்று ஆய்வில் உள்ளவை. அவை தனி விவாதம். விஷன் தெரபியின் கணக்கில் வருபவை அல்ல.

மதுரையின் கணக்கு வேறு

இதுவரை பார்த்தது பயிற்சி பலிக்கிறதா என்ற கேள்வி. மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி வட்டாரங்களுக்கு அதனினும் கடினமான இன்னொரு கேள்வி உண்டு: பலிக்கும் வடிவத்தில் அதைக் கொடுக்க முடியுமா?

அரவிந்த் உலகுக்குக் காட்டிய முறை, ஒவ்வொரு வேலையையும் சிறு படிகளாகப் பிரித்து, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களிடம் ஒப்படைத்து, மருத்துவரின் நேரத்தை அவர் மட்டுமே செய்யக்கூடியதற்கு ஒதுக்குவது. முகாமில் அன்றே கண்ணாடி, அறுவை என்றால் பேருந்திலேயே அழைத்துச் சென்று திருப்பிக் கொண்டுவிடுதல், மதுரையிலேயே அரவிந்தின் ஆரோலேப் ஆலை தயாரித்த மலிவான உள்விழி லென்ஸ்: இவை அனைத்தும் ஒருமுறை செய்தால் முடிந்துவிடும் சிகிச்சைகளுக்கு அமைந்தவை. பார்வைப் பயிற்சியோ நேர் எதிர். ஒரு பயிற்சியாளர், ஒரு பிள்ளை, ஒரு மணி நேரம். அதுவும் 12 வாரம். பொருளை மலிவாகத் தயாரித்து விலையைக் குறைக்கும் வழி இதற்குப் பொருந்தாது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கூலிக் குடும்பத்துக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் சம்பளமும் பஸ் செலவும் பிள்ளையின் பள்ளி நாளும் சேர்ந்த இழப்பு.

இதற்கு இயல்பாகத் தோன்றும் தீர்வு, பயிற்சியை வீட்டுக்கே அனுப்பிவிடுவது. இங்கேதான் சிக்கல். 2008 சோதனையில் போலிப் பயிற்சியைத் தாண்டாதவை இந்த மலிவான வடிவங்களே. கிளினிக் பயிற்சியின் 73 சதவீதத்தைக் காட்டிவிட்டு, கையில் பென்சிலோ மொபைல் செயலியோ கொடுத்து அனுப்பினால், சான்று ஒன்று, சிகிச்சை வேறொன்று. நகரத்தில் வசதியுள்ளவர்களுக்கு முழுப் பயிற்சியும், சமவெளிக் கிராமத்துக்கு அதன் பெயரும் மட்டும் போய்ச் சேரும் ஆபத்தும் இருக்கிறது.

ஆனால் அமெரிக்கச் சோதனை பார்க்காத மூன்றாவது வடிவம் ஒன்று இவ்வட்டாரத்தில் சாத்தியம். 2000களிலிருந்து சிறு நகரங்களில் அரவிந்த் நடத்தும் விஷன் சென்டர்களில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கண்ணைப் பரிசோதிக்க, மருத்துவர் தொலைவிலிருந்து காணொளியில் ஆலோசனை தருகிறார். குவிதல் பயிற்சியின் படிகளை அத்தகைய பணியாளர் கண்காணித்தால், அது கிளினிக் பயிற்சிக்கு நெருங்குமா, வீட்டுப் பயிற்சியாகவே நின்றுவிடுமா? கண்காணிப்பும் ஊக்கமுமே பலனில் பெரும் பங்கு என்ற ஹார்வுட் குழுவின் கண்டறிதல் உண்மையானால், இது கைகூட வாய்ப்பு இருக்கிறது. சோதித்தால்தான் தெரியும்.

யார் செய்வது என்பதும் இதோடு சேர்ந்தது. சென்னையில் 1985இல் தொடங்கிய எலைட் ஸ்கூல் ஆப்டோமெட்ரியை முறையான பட்டமாக வளர்க்க உதவியது. மருத்துவம் சார்ந்த தொழில்களை ஒழுங்குபடுத்த 2021இல் வந்த நடுவண் சட்டம் ஆப்டோமெட்ரிஸ்ட்களையும் உள்ளடக்குகிறது. ஆயினும் பட்டம் பெற்றவரும், கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவரும், யோகா வகுப்பில் கண் பயிற்சி சொல்பவரும் ஒரே சொல்லால் அறியப்படும்வரை பெற்றோருக்குக் குழப்பம் தீராது. பயிற்சிக்கு முன் சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்த்தார்களா, எந்த அளவீட்டில் குறை கண்டார்கள், எத்தனை வாரத்தில் எதை மறுபடி அளப்பார்கள் என்று கேட்பது நல்லது. திடீரென்று வந்த இரட்டைப் பார்வைக்கு நரம்புக் கோளாறும் காரணமாகலாம். அதற்கு முதலில் வேண்டியது மருத்துவர், பயிற்சி அல்ல.

எஞ்சி நிற்பவை

சான்றுகளை அடுக்கினால் ஒரு படிநிலை தெரிகிறது. தொல்லையுள்ள பிள்ளைகளின் குவிதல் குறைபாட்டுக்குக் கண்காணிப்புடன் தரும் பயிற்சி பலிக்கிறது என்பதை ஏற்கலாம். சோம்பேறிக் கண்ணுக்குக் கண்ணாடியும் மூடலுமே முதல் வரிசை. இரு கண் பயிற்சி இன்னும் வேட்பாளர் நிலையில்தான். வாசிப்பு தேறும் என்ற வாக்குறுதியை இன்றைய சான்று தாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றலாம் என்பதைத் தள்ளிவிடலாம்.

திறந்திருப்பவையும் உண்டு. அளவீட்டில் குறை இருந்து தொல்லை இல்லாத பிள்ளைகளை என்ன செய்வது? பயிற்சியின் எந்தப் பகுதி உண்மையில் வேலை செய்கிறது? மேலை நாட்டுக் கிளினிக்கில் கிடைத்த விகிதம் காரியாபட்டிப் பள்ளிப் பிள்ளையிடமும் கிடைக்குமா? பள்ளிகளில் குவிதலையும் தேட வேண்டும் என்ற கோரிக்கையும் இதனுடன் இணைந்தது. குறைந்தபட்சச் சோதனைத் தொகுப்பொன்றைத் தமிழ்நாட்டு ஆய்வே முன்வைத்திருக்கிறது: குவிதல் புள்ளி, குவிய மாற்ற வேகம், தூரத்துக்கும் அருகுக்கும் கண் விலகலில் உள்ள வேறுபாடு. எளிய கருவிகளே போதும். ஆனால் கண்டுபிடித்த குறைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் சிகிச்சை இல்லையென்றால், மூன்றில் ஒரு பிள்ளைக்கு ஒரு நோய்ப் பெயரை மட்டும் கொடுத்ததாக முடியும்.

ஆகவே இவ்வட்டாரத்துக்குரிய வரிசை இப்படி இருக்கலாம்: முதலில் கண்ணாடி தேவைப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கிடைத்து, முகத்தில் தங்குவது, அடுத்து மாறுகண்ணும் சோம்பேறிக் கண்ணும் பள்ளி சேரும் முன்பே பிடிபடுவது, அதன் பின், படிக்கும்போது தொல்லை சொல்லும் பிள்ளைகளுக்கு மட்டும் குவிதல் பரிசோதனையும், அருகிலுள்ள மையத்தில் கண்காணிக்கும் பயிற்சியும். இந்த மூன்றாம் படியை முறையான ஒப்பீட்டுச் சோதனையாகவே தொடங்கினால், பத்தாண்டுக்குள் மதுரை தனக்கான விடையைப் பெறலாம். அதுவரை விஷன் தெரபியை முழுதாக நம்பவும் காரணமில்லை, முழுதாக ஒதுக்கவும் காரணமில்லை.